எருமண்ணும் கரம்பையும்

முன்னுரை

மக்கள் தம் மெய்யைத் தூய்மை செய்யவும் பொலிவுறுத்தவும் கையாண்ட பொருள்களுள் மண் மிகத் தொன்மையானது. ஆயினும் பண்டைத் தமிழ் மகளிரின் ஒப்பனை பற்றி எழுதுவோர் சாந்து, சுண்ணம், தொய்யில், மஞ்சள் ஆகியவற்றை விரித்துரைத்து, மண்ணை ஒரு வரியிற் கூறி அமைகின்றனர். பலர் அதனையும் கூறுவதில்லை. சாந்தும் சுண்ணமும் விலை கொடுத்துப் பெறும் பொருள்கள். செல்வர் மனையைப் பாடுங்கால் புலவர் அவற்றைப் பாடினர். மண்ணோ நீர்நிலைக்குச் சென்றவள் தன் கையால் அள்ளிக் கொள்வது. விலையில்லாத பொருள் பாட்டிலும் உரையிலும் அருகியே இடம்பெற்றது.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசற் சீமையின் மண் வழக்கை அடிப்படையாகக் கொண்டு இப்பொருளை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலாவது, அப்பகுதியில் மண் எவ்வாறு வகுத்துப் பெயரிடப்பட்டுள்ளது என்பதைக் காண்போம். இரண்டாவது, குறுந்தொகையில் வரும் ஓர் அரிய சொல்லின் பொருளைத் துணிய அவ்வழக்கு எவ்வளவு துணைபுரியும் என ஆராய்வோம். மூன்றாவது, மண் அழுக்கை நீக்கும் முறையை விளக்கி, வாணத் தொழில் பரவியுள்ள இந்நாளில் அவ்வழக்கை எவ்வரையறையுடன் கொள்ளலாம் என்பதைக் கூறுவோம். மண்ணை மெய்க்குக் கொண்ட மக்கள் உலகெங்கும் உளர். இம்மண் ஆகும், இம்மண் ஆகாது எனப் பிரித்தறிந்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இட்டு வழங்கியதே நம் வழக்கின் சிறப்பு. அப்பெயர்கள் மறையுமாயின் அவற்றோடு அப்பகுத்தறிவும் மறையும் என்பது யாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

1. கரிசற் சீமையின் மண்வகை

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தினின்று 1985ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டது இன்றைய விருதுநகர் மாவட்டம். மேற்கே மலையடியில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் செம்மண் மிகுதி. கிழக்கு நோக்கிச் செல்லுந்தோறும் கரிசல் பரந்து கிடக்கின்றது. வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் மழைக்காலம் ஒழிந்த நாள்களிற் பெரும்பாலும் வறண்ட மணற் படுகைகளே. ஆகவே உழவும் குளியலும் துணி வெளுத்தலும் கண்மாய்களையும் கிணறுகளையும் சார்ந்தே நடந்து வந்தன.

இம்மக்கள் மண்ணுக்கு இட்ட பெயர்கள் மூன்று அடிப்படையில் அமைந்துள்ளன. முதலாவது நிறம். கரிசல், செவல் என்பன கருமை, செம்மை என்னும் நிறப் பண்புகளால் வந்த பெயர்கள். இரண்டாவது சுவையும் விளைதிறனும். உவர் என்பது நாவிற் படும் உப்புச் சுவையாற் பெயர் பெற்றது. களர் விளைவற்ற நிலத்தைச் சுட்டுவது. மூன்றாவது நீரின் செயல். வெள்ளம் அடித்துக் கொணர்ந்து படிவிப்பது வண்டல். அவ்வண்டல் கண்மாயின் உட்பகுதியில் தேங்கி, நீர் வற்றியபின் பாளம் பாளமாக வெடித்துக் காயும் நுண்களி கரம்பை எனப்படும். கரம்பு என்னும் சொல் பயிரிடாது கிடக்கும் நிலத்தைக் குறிக்கும். அதனோடு ஒலியால் நெருங்கிய கரம்பை, தென்பாண்டி வழக்கில், நிலத்தைக் குறியாது நிலத்தில் இடும் மண்ணைக் குறித்து நிற்றல் நோக்கத்தக்கது.

உழவர் இம்மண்களை விளைவு நோக்கி வகுத்தனர். மகளிரும் வண்ணாரும் இவற்றையே தூய்மை நோக்கி வகுத்தனர். உழவர்க்கு ஆகாத உவர்மண் வண்ணார்க்கு உற்ற பொருளாயிற்று. உழவர்க்கு எருவாகிய கரம்பை மகளிர்க்குக் கூந்தல் மண்ணாயிற்று. ஒரே மண்ணுக்கு இருவேறு பயன் அமைந்த இந்நிலை, பின்வரும் சொல்லாராய்ச்சிக்கு இன்றியமையாதது.

2. மண்ணுதல் என்னும் வினை

பழந்தமிழில் மண்ணுதல் என்பது கழுவுதல், நீராட்டுதல், மாசு நீக்கி ஒளியுறச் செய்தல் ஆகிய பொருள்களைத் தரும் வினை. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் மண்ணுமங்கலம் என்பது வேந்தன் நீராடும் மங்கல நிகழ்ச்சி. மண்ணுறு மணி என்னும் தொடர் கழுவித் தூய்மை செய்யப்பட்ட மணியைக் குறிக்கும். நிலத்தின் மண்ணைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் கழுவுதலைக் குறிக்கும் வினைச்சொல்லும் ஒலியால் ஒத்திருத்தல் கண்டு, மண்ணிட்டுக் கழுவியதனால் இவ்வினை பிறந்தது எனக் கூற எவர்க்கும் விருப்பம் எழும்.

அத்துணிபை யாம் இங்கு மேற்கொள்ளவில்லை. ஒலியொப்புமை ஒன்றே வேர் ஒற்றுமைக்குச் சான்றாகாது. இன மொழிகளின் சொல்வடிவங்களையும் பொருள் வளர்ச்சியையும் ஒப்புநோக்கிய பின்னரே அது கூறத்தக்கது. ஆயினும் தூய்மை செய்யும் வினையும் மண்ணின் பெயரும் தம்முள் இயைதல் வேற்று மொழிகளிற் காணாததன்று. மொராக்கோ நாட்டு மலைப்பகுதியில் எடுக்கப்பட்டுக் கூந்தலுக்கும் மெய்க்கும் இடப்படும் களிமண் கஸ்ஸூல் என வழங்கும். அப்பெயர் கழுவுதலைக் குறிக்கும் அரபு வினையடியாற் பிறந்தது. அங்கே வினையினின்று மண் பெயர் பெற்றது. தமிழில் இவ்வுறவு எவ்வாறு அமைந்தது, அல்லது அமையவே இல்லையா என்பது தனியே ஆராய்தற்குரியது.

3. குறுந்தொகைச் சொல்

மண்ணைக் கூந்தலுக்கு இட்டமைக்குச் சங்க இலக்கியத்தில் நேரிய சான்றாகக் கொள்ளத்தக்கது குறுந்தொகை 113ஆம் பாட்டு. பகற்குறியிடத்தைத் தலைவனுக்குக் குறிப்பாற் புலப்படுத்தும் தோழியின் கூற்று அது. ஊர்க்கு அணித்தே பொய்கை. அதற்குச் சேய்மையிலன்றிக் காட்டாறு. அருகிலுள்ள பொழிலில் இரை தேடும் குருகன்றி வேறெதுவும் செல்வதில்லை. கூந்தலுக்கு ஒரு பொருள் கொணர அங்குச் செல்லவிருப்பதாகவும் தலைவியும் அங்கு வருவாள் என்றும் தோழி உணர்த்துகின்றாள். கொணரும் அப்பொருளைக் குறிக்கும் சொல் எருமணம் என்பது.

1937ஆம் ஆண்டு குறுந்தொகையை உரையுடன் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இதனை எருமண் எனக் கொண்டு, மகளிர் கூந்தலின் எண்ணெய்ப் பசை நீங்க இடும் களிமண் என விளக்கினார். செங்கழுநீர்ப் பூ எனப் பொருள் கொள்வாரும் உளர். இருபாலும் நியாயம் உண்டு. கூந்தலுக்குப் பூக் கொணர்தல் மிக இயல்பானது. பொய்கையிற் செங்கழுநீர் பூத்தலும் இயல்பு. மேலும் மண் என்பது அம் என்னும் ஈறு பெறுங்கால் ணகரம் இரட்டுதலே பெருவழக்கு. அஃது இரட்டாது நிற்றல் மண் என்பார்க்கு ஓர் இடர்ப்பாடே. இதனை மறைத்தல் ஆகாது.

பாட்டின் களம் இவ்வையத்தைத் தீர்க்காது. பொய்கைக் கரையில் மண்ணும் உண்டு, பூவும் உண்டு. சொல்லின் முதற்பகுதியே நமக்குத் துணையாகின்றது. எரு என்பது நிலத்தை வளப்படுத்த இடும் பொருள். ஒரு பூவின் பெயரில் எரு என்னும் அடை வருதற்கு ஏற்ற காரணம் புலப்படவில்லை. மண்ணின் பெயரில் அது வருதற்குக் காரணம் கரிசற் சீமைக் கண்மாய்களிற் கண்கூடாக உள்ளது. கோடையில் நீர் வற்றியதும் உழவர் கண்மாய்க் கரம்பையை வெட்டி வண்டிகளில் ஏற்றி வயலுக்கு எருவாக இடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதே கரம்பையைப் பெண்டிர் தலைக்குத் தேய்த்து முழுகினர். வயலுக்கு எருவும் கூந்தலுக்கு மண்ணும் ஆகிய அப்பொருளை எருமண் என்பதினும் பொருத்தமாக எவ்வாறு அழைத்தல் கூடும்?

கரம்பை வழக்கு ஈராயிரம் ஆண்டுகளாக இடையறாது வந்தது என்பது எம் கருத்தன்று. அதனை மெய்ப்பிக்கும் இடைக்காலச் சான்றுகள் வேண்டும். ஒரு நீர்நிலையின் படிமண் ஒருங்கே எருவும் கூந்தல் மண்ணும் ஆதல் கூடும் என்பதைக் கரம்பை காட்டுகின்றது. அத்துணையே யாம் கொள்வது. மண் என்னும் உரையை அது வலியுறுத்தும். இலக்கியத்தின் ஐயமொன்றைத் தீர்க்க வாழும் வழக்குத் துணைநிற்றலுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதனோடு சிலப்பதிகாரக் கடலாடு காதையை ஒப்பிடுதல் பயன் தரும். ஆங்கு மாதவி நீராடும் நீர் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியது. அவற்றை அடியார்க்கு நல்லார் பெயர் பெயராக எடுத்துரைப்பர். இலவங்கம், ஏலம், தக்கோலம், நன்னாரி என அப்பட்டியல் நீளும். குளத்து மண்ணுக்கு அதில் இடமில்லை. கடல் கடந்தும் மலை கடந்தும் வந்த நறும்பொருள்கள் நகரத்துக் கணிகையின் கூந்தலுக்கு. ஊரருகே உள்ள நீர்நிலையின் மண் சிற்றூர் மகளிரின் கூந்தலுக்கு. தூய்மை இருவர்க்கும் பொது, பொருள் வேறு. இவ்வேறுபாட்டை நோக்காது மாதவியின் நீராட்டையே தமிழ் மகளிர் அனைவரின் நீராட்டாக எழுதுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

4. மண் அழுக்கை நீக்கும் முறை

மண் எவ்வாறு தூய்மை செய்கின்றது என்பதை அறிந்தாலன்றி, எம்மண் ஆகும் என்னும் வினாவுக்கு விடை கூற இயலாது. மண்ணியலார் 0.002 மில்லி மீட்டருக்கும் குறைந்த துகள்களையே களி என்பர். இத்துகள்கள் மணலைப் போல உருண்டவையல்ல. ஏடுகளைப் போலத் தட்டையானவை. ஏடுகளின் பரப்பு எதிர்மின் தன்மை உடையது. ஆதலின் நேர்மின் தன்மையுடைய கால்சியம், சோடியம் முதலிய அயனிகளை அது தன்பாற் பற்றி வைக்கும். வேறொன்று வரின் முன்னதை விட்டுப் பின்னதைப் பற்றும்.

கரிசல் மண்ணின் களியில் மிகுந்திருப்பது மான்ட்மாரில்லோனைட் என்னும் கனிமமும் அதன் இனத்தனவும் ஆகும். பிரான்சு நாட்டு மான்ட்மாரில்லோன் என்னும் ஊரின் பெயரால் 1847ஆம் ஆண்டு இப்பெயர் இடப்பட்டது. அதன் ஏடுகளுக்கிடையே நீர் புகும். அப்போது மண் உப்பும். நீர் நீங்கும்போது சுருங்கி வெடிக்கும். கோடையிற் கரிசற் காடு ஆழமாகப் பிளந்து கிடப்பதும் மாரியில் உழவன் காலை விடாது பற்றுவதும் இத்தன்மையாலேயே. 100 கிராம் மான்ட்மாரில்லோனைட் 80 முதல் 150 மில்லி சமான அளவு அயனிகளைப் பற்ற வல்லது. வெண்களியாகிய கயோலின் 3 முதல் 15 வரையே பற்றும். இவ்வேறுபாட்டால் கயோலின் மென்மையாகவும் கரிசற் களி கடுமையாகவும் செயற்படுகின்றன.

குழைத்த களியை மெய்யில் இடுங்கால் நிகழ்வன இரண்டு. தோலின் மேலுள்ள எண்ணெய்ப் பசையும் வியர்வைப் படிவும் நுண்துகள்களின் பரந்த பரப்பில் ஒட்டிக் கொள்கின்றன. பின் களி உலரும்போது சுருங்கித் தோலை இறுக்குகின்றது; கழுவும்போது மேல்தோலின் இறந்த செதில்கள் அதனோடு நீங்குகின்றன. இதனாலேயே முகம் தெளிந்து தோன்றுகின்றது. முற்றும் உலர்ந்து வெடிக்கும் வரை விட்டுவைப்பின் தோலின் ஈரமும் வற்றி எரிச்சல் உண்டாகும். ஆகவே அரையீரத்திற் கழுவுதலே தக்கது. வறண்ட தோலினர்க்குக் கரிசற் களி பொருந்தாது.

இரு மிகை கூற்றுகளை இங்கு மறுத்தல் வேண்டும். குருதியிலுள்ள நஞ்சைத் தோல் வழியாக மண் உறிஞ்சும் என்பர் சிலர். மண்ணின் செயல் தோலின் மேற்பரப்போடு அமைவது. குருதியை மாசறச் செய்வன கல்லீரலும் சிறுநீரகமும். மண் பூசினால் கருநிறம் மாறிச் செந்நிறம் வரும் என்பது மற்றொன்று. தோலின் நிறம் அதனுள் தோன்றும் மெலனின் என்னும் நிறமியால் அமைவது. மண் அதனை அணுகுவதில்லை. கரிய மண்ணையே செல்வமாகப் போற்றும் ஒரு சீமையின் பெண்மக்களிடம் கரிய மேனியைக் குறையெனக் கூறி மண் விற்கப்படுதல் வருந்தத்தக்கது. எருமண் பற்றிய பாட்டில் கூந்தலின் தூய்மை உண்டு. மேனியின் நிறத்தை மாற்றும் வேட்கை இல்லை.

கரம்பை இந்நிலப்பகுதியிற் பெருவழக்காயினமைக்கு விலையின்மையோடு மற்றொரு காரணமும் உண்டு. கரிசலின் அடியிற் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் மிகுதி. அதனால் கிணற்று நீர் பல இடங்களிற் கடினநீராக உள்ளது. கடினநீரிற் சவர்க்காரம் நுரைப்பதில்லை; நீரிலுள்ள கால்சியத்தோடு கூடிக் கரையாத திரையாகிக் கூந்தலிற் படிந்துவிடும். களிமண் நுரையை நம்பியதன்று. ஆதலின் அவ்விடர் அதற்கு இல்லை. நிலம் தந்த இடர்ப்பாட்டுக்கு அந்நிலமே தந்த மாற்று என இதனைக் கூறலாம்.

5. பிற மெய்ம்மண்கள்

கரம்பையோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மண்கள் சில உள. அவற்றின் பயன் வேறுபாட்டைச் சுருங்கக் காண்போம்.

உவர்மண் சோடியம் கார்பனேட்டு முதலிய காரப் பொருள்கள் பூத்த மண். களர் நிலத்திற் கிணறு தோண்டித் துணி வெளுத்த பெண்ணை ஔவையார் புறநானூறு 311ஆம் பாட்டிற் குறிப்பர். அந்நிலத்து நீரையும் மண்ணையும் வெளுத்தற்குக் கொள்ளும் அறிவு அத்துணைப் பழமையுடையது. எனினும் உவர்மண் துணிக்கு உரியது, மெய்க்கு ஆகாது. தோலின் பி.எச். அளவு ஏறத்தாழ 5. களர் மண்ணின் அளவு 8.5க்கும் மேற்பட்டது. அக்காரம் தோலின் இயற்கைப் பசையை அழித்துப் புண்படுத்தும். கரம்பையும் உவர்மண்ணும் ஒரே கண்மாயின் இரு கரைகளிற் கிடைத்தல் கூடும். அவற்றை வேறுபடுத்திக் காட்டும் எச்சரிக்கை அவற்றின் பெயர்களிலேயே அமைந்துள்ளது.

புற்றுமண் கறையான் கீழிருந்து கொணர்ந்து தன் வாய்நீராற் பிசைந்த நுண்மண். விருதுநகர்ப் பகுதிக்கு அண்மையிலுள்ள சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்ணே அருட்பொருளாக வழங்கப்பெறுகின்றது. தோல் நோய் நீங்க வேண்டி அதனை மெய்யிற் பூசிக் கொள்வது அடியார் வழக்கம். ஈண்டு மண் மருந்தாகவும் வழிபாட்டுப் பொருளாகவும் ஒருசேர நிற்கின்றது.

திருமண் எனப்படும் நாமக்கட்டி வெண்களியால் ஆவது. திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரியில் இது செய்யப்படுகின்றது. 2023ஆம் ஆண்டு ஜடேரி நாமக்கட்டி புவிசார் குறியீடு பெற்றது. களியை நீரிற் கரைத்து, கல்லும் மணலும் அடியில் தங்கவிட்டு, மேலே மிதக்கும் நுண்களியைப் பிரித்தெடுத்து உலர்த்துவர். நெற்றிக்கு இடும் இதனையே வீக்கத்துக்கும் பூச்சிக்கடிக்கும் உரைத்துப் பற்றிடுதல் வீட்டு மருத்துவத்தில் உண்டு. செந்நிறக் காவியுள் பூங்காவி சித்த மருத்துவத்திற் செந்தூரம் செய்யப் பயன்படுவது.

இவற்றிலெல்லாம் பொதுவாக அமைந்த ஒரு நெறி உண்டு. நிலத்தினின்று அள்ளிய மண் அள்ளியவாறே மெய்யேறுவதில்லை. கரைத்தல், தெளிய வைத்தல், உலர்த்தல், துணியிற் சலித்தல் ஆகியவற்றின் பின்னரே அது பயன்பட்டது. துணியிற் சலித்தலைச் சித்த மருத்துவர் வஸ்திரகாயம் என்பர். கனிமப் பொருள்களை மாசு நீக்கிக் கொள்ளுதலைச் சுத்தி என்பர். மண் குளியலை இயற்கை மருத்துவமாகப் போற்றிய ஜெர்மானியர் அடால்ஃப் ஜஸ்ட் என்பாரும் அவர் நூலால் ஈர்க்கப்பட்ட காந்தியடிகளும் மண்ணின் பயனை இந்நாட்டிற் பலர் அறியச் செய்தனர். நம் மரபு அதற்குப் பல்லாண்டு முன்னரே மண்ணுக்குரிய சுத்தி முறைகளை வகுத்திருந்தது.

இன்று கடைகளில் விற்கப்படும் முல்தானி மட்டி, இப்போது பாக்கிஸ்தானில் உள்ள முல்தான் நகரின் பெயர் கொண்டது. இந்தியாவில் இவ்வகை மண் இராசத்தானில் வெட்டி எடுக்கப்படுகின்றது. அதன் களியும் கரிசலின் களியும் இனத்தால் நெருங்கியவை. கரிசற் காட்டின் மேல் நிற்பவர் வடபுலத்து மண்ணைப் பொதியில் வாங்குதல் வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் பொதி மண் சலித்துத் தூய்மை செய்யப்பட்டு, ஆய்வுக்கு உட்படுத்தத்தக்க பொருளாக வருகின்றது. நம் கரம்பைக்கு இன்று அவ்வாய்வு இல்லை. இக்குறை எத்துணைப் பெரிது என்பதை அடுத்த பகுதியிற் காண்போம்.

6. வாணத் தொழிற் பகுதியும் மண்ணும்

மழை பொய்க்கும் வானமும் வறண்ட காற்றும் உழவுக்கு இடர். தீப்பெட்டிக்கும் வாணத்துக்கும் ஏந்து. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டு சிவகாசியில் அதனைத் தொடங்கினர். அதன் வழியே பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன.

இத்தொழிலுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு அணுகி நோக்கத்தக்கது. வாணக் குழாய்களின் அடியை அடைக்கக் களிமண் பயன்படும். வெடியுப்பும் பண்டு மண்ணினின்றே எடுக்கப்பட்டது. உப்புப் பூத்த ஊர்மண்ணைக் கரைத்து, அந்நீரைக் காய்ச்சி, உப்பிலியர் அதனைப் பெற்றனர். மண்ணைக் கரைத்தல் இரண்டிடத்தும் பொது. மெய்ம்மண் செய்வார் களியைக் கொண்டு நீரை விடுவர். வெடியுப்பு எடுப்பார் நீரைக் கொண்டு மண்ணை விடுவர். வாணத்தின் மற்றொரு பொருளாகிய கந்தகமும் சொறி சிரங்குக்கு மருந்தாவது. மெய் பேணும் பொருளும் வெடி செய்யும் பொருளும் ஒரே அறிவின் இரு கிளைகளாக இருந்தமை இதனால் விளங்கும்.

இன்றோ அவ்வுறவு வேறாயிற்று. பட்டாசில் அலுமினியப் பொடி, கரி, கந்தகம், பொட்டாசியம் நைட்ரேட்டு ஆகியவற்றோடு நிறத்துக்காக உலோக உப்புகளும் சேர்கின்றன. பச்சை ஒளிக்குப் பேரியமும் செவ்வொளிக்கு ஸ்ட்ரான்ஷியமும் உரியன. பேரிய உப்புகளைப் பட்டாசிற் பயன்படுத்துதலை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு தடை செய்தது. எனினும் அதற்கு முன் நிலத்திற் படிந்தது தடையால் நீங்கிவிடுவதில்லை. களியின் ஏடுகள் நேர்மின் அயனிகளைப் பற்றி வைக்கும் என முன்னர்க் கூறினோம். ஈரிணைதிறம் உடைய பேரியத்தையும் ஈயத்தையும் அவை வலிமையாகப் பற்றும். மெய்யின் அழுக்கைக் கவரும் திறம் எதுவோ அதுவே நிலத்தில் விழும் நஞ்சையும் கவர்ந்து வைக்கின்றது. ஆகவே ஆலைக் கழிவோ வெடிப்பொருள் எரிந்த சாம்பலோ மழைநீரால் அடித்துச் செல்லப்பட்டுச் சேரும் கண்மாயின் கரம்பை, பார்வைக்கு எத்துணை நயமாயினும், மெய்க்கு உரியதன்று.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள் அப்பொருள்களிற் சேரும் நிறமிகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்சனிக் 2 பங்குக்கும் மேற்படலாகாது என வரையறுக்கின்றன. கண்மாயிலிருந்து நேரே அள்ளும் மண்ணை அளக்க எவ்விதியும் இல்லை; அள்ளுவோரே அளந்தறிதல் வேண்டும். உலோகங்களோடு நுண்ணுயிர்களும் உள. இசிவு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணிலேயே உறைவன. வெயிலில் உலர்த்துவதால் மட்டும் அழிவதில்லை. புண், வெடிப்பு, புதிதாக மழித்த இடம் ஆகியவற்றில் மண் இடுதல் எஞ்ஞான்றும் கூடாது.

ஆலைத் தொழிலாளரின் மெய்யிற் படியும் அலுமினியப் பொடி மிக நுண்ணியது. வியர்வையோடு கலந்து மயிர்க்கால்களிற் சேரும். அதனை நீக்கப் போதிய நீரும் சவர்க்காரமும் மாற்று உடையும் பணியிடத்திலேயே கிடைத்தல் வேண்டும். கைகளிற் சிறு கீறல் உள்ளோர்க்குக் கண்மாய் மண்ணை மரபு மருந்தெனப் பரிந்துரைத்தல் தீங்காய் முடியும். மரபைப் போற்றுவார் இதனைக் கருத்திற் கொள்ளுதல் கடன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. கரிசற் சீமையின் மண்பெயர்கள் நிறம், சுவை, நீரின் செயல் ஆகியவற்றால் அமைந்தவை; பயன் வரையறையையும் அவை உள்ளடக்கியவை. குறுந்தொகை 113ஆம் பாட்டின் எருமணம் என்னும் சொல்லுக்கு மண் என உரை காண்டல், எருவும் கூந்தல் மண்ணும் ஒன்றேயாகிய கரம்பை வழக்கால் வலியுறுகின்றது. மண்ணின் தூய்மை செய்யும் திறம் களியின் பற்றும் தன்மையால் அமைவது. அத்தன்மையே மாசுற்ற நிலத்தில் அதனைத் தீங்குடையதாக்குகின்றது.

இனிச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் கி. ராஜநாராயணன் தொகுத்து 1982ஆம் ஆண்டு வெளிவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியும் நமக்குப் பெருந்துணை. ஆயினும் சொல்லுக்குப் பொருள் கூறுதல் அகராதியின் பணி. இம்மண் எக்கரையில் எப்பருவத்தில் எடுக்கப்பட்டது, எவ்வாறு தெளிவிக்கப்பட்டது, யார்க்கு விலக்கப்பட்டது என்பன அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவ்வறிவு கரம்பை தேய்த்து முழுகிய முதுமகளிரிடமே உள்ளது. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை ஊர்களிலிருந்து வரும் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கண்மாயின் மண்பெயர்களை இக்கேள்விகளுடன் தொகுத்தல் வேண்டும். தொகுத்த ஒவ்வொரு மண்ணிலும் ஒரு பிடியை வேதியியல் துறைக்கோ, கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வேளாண்மை ஆராய்ச்சி நிலையங்களுக்கோ அளித்து ஆய்வுரை பெறுதல் நன்று. சொல்லும் பொருளும் ஒருங்கே ஆராயப்படின், ஒரு பழம்பாட்டின் உரை தெளிவு பெறும். எந்தக் கண்மாயின் கரம்பையை இனியும் கூந்தலுக்குக் கொள்ளலாம் என்பதற்கும் அவ்வூர் மகளிர்க்கு விடை கிடைக்கும்.